பரண்மேல் இருக்கும் பெட்டி

பனமரத்துப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கிற அரளி, சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய், மாலையாகி, ஏதோ ஒரு சாமியின் கழுத்தில் ஏறி, மறுநாள் காலையில் குப்பைக்கூடைக்கு வந்துவிடும். அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. நாளைக்கு நாளைய பூ இருக்கிறது. ஆனால் அதே மாலையைப் போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தை எந்த வீட்டிலும் குப்பையில் போட மாட்டார்கள். எதைப் போக விடுவது, எதைப் பிடித்து வைப்பது? தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும் கேள்விக்கு, இந்த ஊர்ச் சுவர்கள் ஓர் ஆணியை அடித்துப் பதில் சொல்லிவிடுகின்றன.

அந்தக் கேள்வி இப்போது கம்ப்யூட்டர் கடை வழியாக மறுபடி வீட்டுக்குள் வருகிறது.

பனமரத்துப்பட்டியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று போன்களில் நிரம்பி வழியும் போட்டோக்கள், மகளின் கல்யாண வீடியோ அடங்கிய, இப்போது எந்தப் பெட்டியிலும் ஓடாத டிவிடிக்கள், ஸ்கேன் எடுத்த பத்திரம், பட்டா, சிட்டா, போய்ச் சேர்ந்த அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாற்பது விநாடிக் குரல். இவ்வளவையும் ஒரே பெட்டியில் போட்டு, வீட்டில் எந்தப் போனிலிருந்தும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு நிபந்தனைகள் போடுகிறார். பெட்டி சத்தம் போடக் கூடாது. பேரன் காலம் வரைக்கும் இருக்க வேண்டும். கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: “எத்தனை டிபி போடலாம்ங்க சார்?”

சத்தத்துக்கு வழி இருக்கிறது. பேரன் காலத்துக்குத்தான் எந்தக் கடையிலும் பொருள் இல்லை.

முதலில் சத்தம். ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நிமிஷத்துக்கு 5400 சுற்று என்றால் விநாடிக்கு 90. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 7200 சுற்று வகை இன்னும் வேகம், இன்னும் இரைச்சல். அதனால் வீட்டுக்கு 5400 வகை நல்லது. நாலு சின்ன டிஸ்க்கைவிட இரண்டு பெரிய டிஸ்க் அமைதி. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றி அதே காற்றைத் தரும். ஆனால் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டிஸ்க்கும் இல்லை, ஃபேனும் இல்லை. அதை வைத்த இடம்தான். இரும்பு பீரோவின் மேல் வைத்தால் பீரோ முழுவதும் மத்தளமாகிவிடும். “அந்தப் பொட்டி ராத்திரியெல்லாம் முனகுதுங்க” என்று வீட்டம்மாள் சொல்வது அந்த பீரோவின் முனகலைத்தான். அதே பெட்டியைக் கடப்பைக்கல் அலமாரியில், அடியில் பழைய சைக்கிள் டியூபை நாலு துண்டு வெட்டிப் போட்டு வைத்துப் பாருங்கள். காது வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

மின்சாரமும் பெரிய செலவில்லை. வாட் குறைந்த பிராசசரும் இரண்டு டிஸ்க்கும் உள்ள சின்னப் பெட்டி 25 வாட் இழுக்கிறது என்று கொண்டால், இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். கரண்ட் போய் வரும்போது டிஸ்க் திடுக்கிட்டு நிற்காமல் இருக்க ஒரு யுபிஎஸ் வேண்டும். அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்றதும் எல்லோருக்கும் கை பரணைத்தான் காட்டும். அந்தக் கைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஓட்டு வீட்டில் அடுப்படிக்கு மேலே இருந்த பரண், வீட்டின் மிகப் பத்திரமான இடம். விதைச் சோளமும் அங்கேதான், ஏட்டுக் கட்டும் அங்கேதான். அடுப்புப் புகை பட்டால் பூச்சி அண்டாது. ஆனால் இன்றைய வீட்டில் பரண் காங்கிரீட் தளத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. சித்திரை வெயிலில் தளம் காய்ந்து பரணே அடுப்பாகிறது. ஏட்டைக் காத்த இடம் டிஸ்க்கைக் கொல்லும். பெட்டி கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

பனையைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர் பனமரத்துப்பட்டி. அந்தப் பனையின் ஓலைதான் நம் முன்னோரின் டிஸ்க். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, கயிறு கோத்துக் கட்டினால் நல்ல பராமரிப்பில் சில நூற்றாண்டு தாங்கும். ஹார்ட் டிஸ்க்கின் கதை அப்படி இல்லை. ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓட்டும் சேமிப்பு நிறுவனங்கள் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை டிஸ்க் செத்துப்போகிறது. நம் வீட்டு டிஸ்க் அந்த நூறில் எந்த ஒன்று என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்தாறு வருஷம் ஓடினால் அதன் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் எந்திரம் ஐம்பது தட்டுகளோடு ஏறக்குறைய ஒரு டன் எடை இருந்தது. அதில் அடங்கியது சுமார் 5 மெகாபைட். இன்றைய போனில் ஒரே ஒரு போட்டோ. கொள்ளளவு இப்படி மலையாக வளர்ந்தபோதும் ஆயுள் அந்த அளவுக்கு வளரவில்லை.

அப்படியானால் பேரன் காலம் வரை எது போகும்? பொருள் போகாது. படி எடுக்கும் வேலைதான் போகும். ஓலைக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். தெரிந்திருந்தும் எப்படிக் கோட்டைவிட்டோம் என்பதற்கு உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார்.

திருநெல்வேலிப் பக்கம் கரிவலம்வந்தநல்லூர். வரதுங்க பாண்டியன் என்ற புலவன் அரசனின் ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் தேடிப் போகிறார். ஏடு எங்கே என்று விசாரித்தால் கோயில் நிர்வாகத்தில் இருந்தவர் நிதானமாகப் பதில் சொல்கிறார்: பழுதான ஏடுகளை நெய்யில் நனைத்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமத்தில் இருக்கிறதாம், அப்படியே செய்தாயிற்றாம். ஐயர் பதறிப்போகிறார். பிறகு அந்த விதியின் முழு வடிவத்தை அவரே விளக்குகிறார். முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதுப்பிரதி எழுதிக்கொண்டு, அதன் பிறகே பழையதைத் தீயில் இட்டார்கள். புதியது கையில் இருக்கும்போது பழையது போவதில் நஷ்டம் இல்லை. பின்னால் வந்தவர்கள் கஷ்டமான முதல் பாதியை மறந்து, சுலபமான இரண்டாம் பாதியை மட்டும் சிரத்தையாகச் செய்துவிட்டார்கள்.

சேமிப்பைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டிருக்கும் எந்தக் கையேட்டையும்விட இந்தக் காட்சி மேல் என்று அடித்துச் சொல்லலாம். ஆகமம் ஏட்டை எரிக்கச் சொன்னது ஏட்டை மதிக்காமல் இல்லை. புனிதம் ஓலையில் இல்லை, ஓலை சுமந்து வந்ததில் இருக்கிறது என்ற தெளிவில்தான். உடம்பு விழுந்தால் எரிக்கிறோம். எரிப்பதற்கு முன் உயிர் வேறு இடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புகிறோம்.

கோயில் திருப்பணியில் பாலாலயம் என்று ஒன்று செய்வார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான். கும்பாபிஷேகத்துக்கு முன் கருவறை மராமத்து நடக்கும் காலத்தில் மூலவரின் சாந்நித்தியத்தை ஒரு கும்பத்துக்கோ, அத்திப் பலகையில் வரைந்த படத்துக்கோ மாற்றி வைக்கிறார்கள். மாதக் கணக்கில் பூசை அங்கேதான். வேலை முடிந்ததும் திரும்ப மூலவருக்கு. இதில் எது அசல்? கல்லா, பலகையா? பக்தர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் குழம்பியதாகத் தெரியவில்லை. பலகைக்கு முன் நின்றும் அதே கற்பூரத்தைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்று பழுதாகி, புதிதை மாட்டி, இருப்பதிலிருந்து அதற்கு எல்லாம் எழுதப்பட்டு, சில வருஷம் கழித்து மற்றதும் மாறிவிடுகிறது. இப்போது பெட்டியில் முதல் நாள் இருந்த ஒரு டிஸ்க் கூட இல்லை. அப்பாவின் குரல் மட்டும் அதே குரல்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினால் பிழை நுழையும்; பாடபேதம் என்று ஒரு துறையே அதனால் உண்டாயிற்று. டிஜிட்டல் படியில் ஓர் எழுத்தும் மாறாது. அசல், நகல் என்ற சொற்களுக்கே அங்கே வேலை இல்லை. ஆனால் சும்மா கிடக்கும்போதே டிஸ்க்கில் ஓரிரு பிட் தானாகத் திரிந்துபோகும் ஆபத்து உண்டு. திறந்து பார்க்கும் வரை தெரியாது. இதற்காகவே இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை சரிபார்ப்பை ஓடவிட்டால் எல்லாவற்றையும் படித்து ஒப்பிடுகின்றன. தமிழுக்கு இது புதிதல்ல. அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல். நடுவில் ஒன்று தொலைந்தால் சங்கிலி அறுந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வேத பாடசாலையில் ஒரே மந்திரத்தைப் பதம், கிரமம், சடை, கனம் என்று முன்னும் பின்னுமாகக் கோத்து ஓதுவதும் அந்தக் காவலுக்கே பயன்பட்டது.

கடைக்காரர் அடுத்து ரெய்டு போடச் சொல்வார். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம். ஒன்று போனால் மற்றது. 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பலர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். பேரன் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். திருடன் பெட்டியோடுதான் தூக்குவான்.

தேவாரம் கிடைத்த கதையை நினைத்துக்கொள்ளலாம். தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை, நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் திறந்து பார்த்தபோது கரையான் புற்று மூடியிருந்தது என்கிறது மரபு. எஞ்சியது கொஞ்சம். எவ்வளவு புனிதமான அறை! எவ்வளவு உறுதியான பூட்டு! கரையானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கத்தான் செய்யும். எல்லாம் நிலையாதது என்று சொன்ன நாட்டில் எதற்கு இந்தப் பாடு? திருக்குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. நாலடியார் செல்வமும் இளமையும் உடம்பும் நிலையாது என்றுதான் ஆரம்பிக்கிறது. பதினாறு டிபி வாங்கி, பத்தாயிரம் போட்டோவை அடுக்கி வைப்பது பற்றின் நவீன வடிவம் இல்லையா? ஒரே தோசையை ஏழு கோணத்தில் எடுத்த படங்களைக் காப்பதில் என்ன தர்மம் இருக்கிறது?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நாலடியாரே எப்படி வந்தது? எண்ணாயிரம் சமண முனிவர்கள் ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள், பாண்டியன் அவற்றை வைகையில் வீசச் சொன்னான், நானூறு ஏடு மட்டும் வெள்ளத்தை எதிர்த்துக் கரையேறியது என்பது வழிவழியாக வரும் கதை. கதை உண்மையோ இல்லையோ, அதில் ஒரு குறும்பு இருக்கிறது. நிலையாமையைச் சொல்லும் நூல் நிலைத்தால்தானே நமக்கு அந்தச் செய்தி கிடைக்கும்!

சமணம் இந்த முரணை அழகாக அவிழ்த்திருக்கிறது. எதையும் உடைமையாகக் கொள்ளாமை, அபரிக்கிரகம், அதன் பெரிய விரதங்களில் ஒன்று. அதே சமயம் நூலைப் படி எடுப்பதில் சமணரை மிஞ்ச ஆளில்லை. எப்படி? உணவு, மருந்து, அபயம் இவற்றோடு சாத்திரத்தையும் நால்வகைத் தானத்தில் சேர்த்துவிட்டார்கள். படி எடுப்பது வைத்துக்கொள்வதற்கு இல்லை, கொடுப்பதற்கு. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னன் எழுதிய சாந்தி புராணத்தை ஆயிரம் படி எழுதுவித்து வழங்கினார் என்று சொல்லப்படுகிறது. அச்சு எந்திரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால். ஓர் ஊர் எரிந்தாலும், ஓர் ஆறு கரை உடைத்தாலும், ஆயிரத்தில் ஒன்று எங்காவது ஒரு வீட்டில் இருந்திருக்கும்.

இன்றைய நிபுணர்கள் மூன்று படி, இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு ஊரில் என்று ஒரு சூத்திரம் சொல்கிறார்கள். அந்த மூன்றாவது படிதான் அத்திமப்பேயின் படி. அது நம் பெட்டியில் இல்லாதது, நம் கையை விட்டுப் போனது. தமிழில் அதற்குப் பெயர் தானம்.

இதற்குச் சேலத்துக்காரர் ஒருவரே சாட்சி. 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார் கல்லூரி ஆசிரியர் சாமிநாதையர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்க அடுக்க, அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோதுதான் ஐயருக்குப் பேச்சு நின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். சிந்தாமணி ஏடுகள் பல வீடுகளில், மடங்களில் கிடந்தன, படிக்க ஆளில்லை. முதலியார் தன்னிடமிருந்த பிரதியைக் கொடுத்தார். கும்பகோணத்துச் சமணர்கள் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். 1887-இல் நூல் அச்சேறியது. பொருள் சொன்ன சமணர், சைவ மாணவர், கோர்ட்டு அதிகாரி. மூவரில் ஒருவர் பூட்டி வைத்திருந்தாலும் நடந்திருக்காது.

படி இருந்தும் படிக்க ஆளில்லாமல் போவது டிஸ்க்குக்கும் உண்டு. நம் ஆசிரியர் இருபத்தைந்து வருஷம் முன்னால் டைப் செய்து வைத்த ஊர் வரலாற்றைத் திறந்தால், திரையில் வருவது ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாக ஒரு கூளம். பாமினி மாதிரி ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு வைத்திருந்த காலத்துப் பிள்ளை அது. ஒரு பிட் கூடக் கெடவில்லை, ஒரு வரியும் புரியவில்லை. யூனிகோடுக்கு மாற்றினால் உயிர் வரும். மாற்றுவதற்கு ஆள் உட்கார வேண்டும்.

பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேலம் நகரத்தின் தாகம் தீர்க்க 1911-இல் கட்டியது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அந்தக் காலக் கணக்கில் பிரமாண்டமான சேமிப்பு. பின்னால் நகரத்துக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்தது, ஏரியைக் கவனிப்பார் குறைந்தனர், சீமைக் கருவேலம் உள்ளே புகுந்து காடாயிற்று. கரை இருந்தது, கொள்ளளவு இருந்தது, தண்ணீர்தான் இல்லை. வரத்து வாய்க்காலைத் தூர் வாராமல் ஏரியை மட்டும் வைத்திருப்பது, சரிபார்க்காத டிஸ்க்கை அலமாரியில் வைத்திருப்பது மாதிரி. ஏரிக்கு ஊரே கூடிச் செய்த வேலையைக் குடிமராமத்து என்றார்கள். வீட்டுப் பெட்டிக்கு அது மாதம் அரை மணி நேரம்: சரிபார்ப்பு ஓடியதா, படி போனதா, போன படியிலிருந்து ஒரு போட்டோவைத் திருப்பி எடுக்க முடிகிறதா. கடைசிக் கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதே இல்லை.

அந்த அரை மணியில் தோசைப் படங்களையும் கழித்துவிடலாம். அழிப்பது பாவம் இல்லை, ஆகமமே அனுமதித்தது. முறை மட்டும் மாறக் கூடாது.

படிக்கு முன்பே தீ வந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-இல் மே கடைசி நாள் இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறு எங்கும் படி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இப்போது ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி ஸ்கேன் எடுத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. எரிந்ததில் படி இல்லாதவை திரும்பவில்லை.

நம் ஆசிரியருக்கு வருவோம். கடைக்காரரிடம் அவர் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: பதினாறு டிபி வேண்டாம், நாலு டிபி டிஸ்க் மூன்று கொடுங்கள். இரண்டு டிஸ்க் பெட்டிக்குள். மூன்றாவது, துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு ஸ்டீல் டப்பாவில் போட்டு, ராசிபுரத்தில் தங்கச்சி வீட்டு பீரோவுக்கு. ஒரு காலத்தில் பழுதான ஏடுகளை ஆற்றில் விட்டுவந்த ஆடிப் பதினெட்டையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் அன்றைக்குத் தங்கச்சி டப்பாவோடு பனமரத்துப்பட்டிக்கு வருவார். மதியச் சாப்பாடு முடிவதற்குள் புதியவை ஏறிவிடும். சாயங்கால பஸ்ஸில் டப்பா திரும்பிப் போகும். அப்பாவின் அந்த நாற்பது விநாடிக் குரல் அவருக்கும் அப்பாவின் குரல்தானே.